ரியாத் – திருவனந்தபுரம்: பயண நேரம்

ஜூன் 16

இன்று இருபத்தெட்டுப் பக்கம். ஆஸ்லோவிலிருந்து பெர்த், லிமாவிலிருந்து நைரோபி, டோரன்டோவிலிருந்து கொழும்பு. ஒவ்வொரு பக்கத்திலும் ‘விமான தூரம் மற்றும் பயண நேரம்’ என்ற சொற்கள் ஆறு முறை வர வேண்டும். ஐந்து முறை வந்தால் ஹரிபிரகாஷ் சார் கத்துவார். ஏழு முறை வந்தாலும் கத்துவார். ஆஸ்லோவிலிருந்து பெர்த் ஏறத்தாழ பதினாலாயிரம் கிலோமீட்டர் என்பதைத் தமிழில் தேடுகிற அந்த மகராசன் யாரென்று ஒரு நாள் பார்க்க வேண்டும். டிக்கெட் விற்கும் இணையதளத்துக்காக, கோவில்பட்டியில் ஒரு உரக்கடை மாடியில், விமானத்தை வானத்துப் புள்ளியாக மட்டும் பார்த்த ஐந்து பெண்கள் உட்கார்ந்து உலகத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

மத்தியானம் சாப்பிடும்போது ஒரு போன். தலையும் வாலும் இல்லாத இன்டர்நெட் நம்பர். ஒரு பெண் குரல், மலையாளமா ஹிந்தியா புரியவில்லை, ஒரே இரைச்சல். ‘இருளப்பன், இருளப்பன்’ என்றது மட்டும் விளங்கியது. “அப்படி ஒருத்தனும் இங்க இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டு நம்பரைத் தடுத்துவிட்டேன். அந்தாள் பெண்டாட்டி பிள்ளைகளான எங்களை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு சிவகிரியில் குடித்தனம் நடத்துவது பதினைந்து வருடமாக. அங்கே இழுக்கிற வம்புக்கெல்லாம் இங்கே போன் வருகிறது.

சாயங்காலம் ரேஷனில் பாமாயில் வாங்கினேன். அம்மா தீக்குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸில் இன்று கூடுதல் வேலை, நான்தான் சோறு வடித்தேன்.

ஜூன் 19

வெள்ளிக்கிழமை. தம்பி கொம்பையா பேசவில்லை. ரியாத்தில் அவனுக்கு வெள்ளிதான் லீவு, துணி துவைத்துவிட்டுப் பேசுவான். போன வாரம் பேசும்போது கட்டடத்தில் சாரம் ஆடுகிறது என்று ஃபோர்மேனிடம் சொன்னதாகச் சொன்னான். “ஆடுனா நீயும் சேர்ந்து ஆடுங்கான் எக்கா” என்று சிரித்தான்.

ஜூன் 26

இந்த வெள்ளியும் இல்லை. போன் அணைந்தே கிடக்கிறது. அம்மா துணி மடிக்கும்போது அவனுடைய பழைய சட்டையையும் எடுத்து மடித்து வைத்தாள்.

ஜூன் 29

அவனை அனுப்பிய ஏஜெண்ட் பாக்கியநாதனைப் பார்த்தேன். ஆபீஸ் சுவரெல்லாம் விமானப் படம்.

“ஒந் தம்பி கம்பெனிய விட்டு ஓடிட்டாம்மா. பதினேழாந்தேதியே அங்க எழுதிக் குடுத்துட்டாக.”

“எங்க ஓடுனான் அண்ணாச்சி?”

“அதச் சொல்லிட்டா ஓடுவாக? வெளிய வேற வேல கெடைச்சிருக்கும். ரெண்டு மாசம் போனா அவனே பேசுவான்.”

“பாஸ்போர்ட்டு யாருட்ட இருக்கு?”

“கம்பெனிலதான். அதான் வழக்கம்.”

“பாஸ்போர்ட்ட விட்டுட்டு எவன் ஓடுவான்?”

“பாப்பா, நீ படிச்ச புள்ள. அண்ணாச்சிட்டப் பேசுத மாதிரிப் பேசு.”

படித்த பிள்ளை என்பதால்தான் அண்ணாச்சி என்றேன். இல்லையென்றால் வேறு சொல் இருந்தது.

ஜூலை 1

மனு எழுதினேன். ஒன்று மாவட்டத்துக்கு, ஒன்று அயலகத் தமிழர்களுக்கான அலுவலகத்துக்கு, ஒன்று தூதரகத்துக்கு. காணாமல் போனவர் பெயர்: பே. கொம்பையா. பே என்றால் பேச்சித்தாய், எங்கள் அம்மா. கல்லூரி இரண்டாம் வருடம் நான் ‘இ’யை அடித்துவிட்டு ‘பே’ போட்டுக்கொண்டேன், கெசட்டில் மாற்றினேன். அவனையும் மாற்றச் சொன்னேன். அதற்குள் அவனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. “விடு எக்கா. அந்தாளு எம் பேருக்குப் பின்னாடி ஓசி டிக்கெட்ல வந்துட்டுப் போறாரு” என்றான். ஆனால் தனக்குத்தானே கையெழுத்துப் போடும்போது பே. கொம்பையா என்றுதான் போடுவான். அதனால் நானும் அப்படித்தான் எழுதினேன்.

மனுவை மரியாதையாகவே வாங்கிக்கொண்டார்கள். சீட்டு கொடுத்தார்கள்.

ஜூலை 7

தூதரகத்திலிருந்து பதில் வந்துவிட்டது, அதுவும் ஆறே நாளில். அங்குள்ள ஆஸ்பத்திரிகள், காவல் நிலையங்கள், தடுப்பு முகாம்கள் எதிலும் பே. கொம்பையா என்று யாரும் இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“சவக்கெடங்குலயும் பாத்துட்டாகளாமா?” என்றாள்.

“அங்கயும் இல்லம்மா.”

“அப்ப இருக்கான்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஜூலை 8

இன்றைய பட்டியலில் பதினோராவது: ரியாத் – திருவனந்தபுரம்.

எழுதினேன். அப்படியே இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

‘ரியாத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமான தூரம் ஏறத்தாழ 3,680 கிலோமீட்டர். பயண நேரம் நாலு மணி நாற்பது நிமிடம். இது தன் பாஸ்போர்ட்டைத் தன் பையில் வைத்திருப்பவருக்கான கணக்கு. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தால் பயண நேரம் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. என் தம்பி பே. கொம்பையா, வயது 23, ஊர் கோவில்பட்டி, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, ஜூன் 12க்குப் பிறகு பேசவில்லை. ஓடிவிட்டான் என்கிறார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைத் தேடி வந்திருக்கும் நீங்களும் ஊருக்குப் போகக் காத்திருப்பவராக இருப்பீர்கள். அவனைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.’

ஆறு முறை வர வேண்டிய சொற்கள் ஒரு முறைகூட முழுதாக வரவில்லை. ஏற்றிவிட்டேன்.

ஜூலை 14

ஆறு நாள் கழித்து சார் கண்ணில் பட்டுவிட்டது. எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசினார்.

“வடிவு, இது டேட்டா சைட்டு. உன் டைரி கெடையாது.”

“அதுல இருக்கதும் டேட்டாதான் சார்.”

“எது டேட்டா?”

“நாலு மணி நாப்பது நிமிசத்துக்கு மேல ஆவுதுங்கறது.”

சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். பிடியுங்கள் என்றேன். பக்கத்தை எடுக்கச் சொன்னார். நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு லிஸ்பன் – மணிலா எழுதினேன்.

ஜூலை 15

எடுக்கவில்லை.

ஜூலை 16

எடுக்கவில்லை. சாருக்கு வேறு தலைவலி, சர்வர் படுத்துவிட்டது. எனக்குக் கழுத்து வலி. அம்மா யூகலிப்டஸ் தேய்த்துவிட்டாள்.

ஜூலை 20

பக்கத்தின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் அருளானந்து, ராமநாதபுரம் பக்கம்.

‘சகோதரிக்கு வணக்கம். நான் ரியாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன். லீவுக்கு ஊர் போக டிக்கெட் பார்க்கையில் உங்கள் பக்கம் வந்தது. எங்கள் ஐந்தாவது மாடியில் ஒரு தமிழ் ஆள் இருக்கிறார். இடுப்பும் இரண்டு காலும் ஒடிந்து, தலையில் கட்டோடு ஒரு மாதமாகக் கிடக்கிறார். இந்த வாரம்தான் இரண்டொரு வார்த்தை பேசுகிறார். வயது சரியாக இருக்கிறது. ஆனால் பெயர் கொம்பையா இல்லை. கட்டிலில் மாட்டியிருக்கும் சீட்டில் இருளப்பன் என்று இருக்கிறது. உங்கள் ஆள் இல்லை என்றால் அந்தப் பெயரில் யாரையாவது தேடுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.’

நாற்காலியிலிருந்து எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மகிழம், “என்னட்டி, பேயடிச்ச மாதிரி இருக்க?” என்றாள்.

“எங்க அப்பன் பேரு” என்றேன்.

“ஒங்க அப்பன் எப்பட்டி ரியாத்துக்குப் போனாரு?”

பாஸ்போர்ட்டில் முதல் வரியில் பெயர் எழுத வேண்டிய இடம் ஒன்று, குடும்பப் பெயர் எழுத வேண்டிய இடம் ஒன்று. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து எழுது என்பான் ஏஜெண்ட். அப்பன் பெயர் பிள்ளையின் கடைசிப் பெயராகிவிடும். கடல் தாண்டினால் கடைசிப் பெயர்தான் பெயர். கொம்பையா அங்கே இருளப்பன்.

இது எனக்குத் தெரியும். அவனுடைய விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான்.

ஜூலை 21

அருளானந்து அண்ணன் போனில் பேசினார். வீடியோவில் காட்டினார். கொம்பையாதான். முகம் பாதியாகிவிட்டது. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான், சத்தம் வரவில்லை.

“சாரத்துல இருந்து விழுந்தவர பதினாலாந்தேதி கம்பெனி வண்டிலதாம்மா கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்காங்கெ. அப்புறம் ஒரு பய எட்டிப் பாக்கல. பையில இருந்த சீட்டுல ஒரு நம்பர் இருந்துச்சாம். நர்சம்மா அப்பவே போட்டுப் பேசிருக்கு. அப்படி ஒருத்தன் இல்லைன்டு வச்சுட்டாங்களாம். பெறகு போட்டா போகவே இல்லயாம். என்ன சனமோ போங்க.”

“என்னைக்கு போட்டாகளாம் அண்ணே?”

“கொண்டாந்து ரெண்டு நாளு கழிச்சு இருக்கும்.”

ஜூலை 22

இன்று கத்தரிக்காய்க் குழம்பு. முப்பத்தொரு பக்கம் எழுதினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 23

ஜூன் 16ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், அங்கேயே கிடந்து என்னைப் பார்க்கட்டும்.

ஜூலை 24

வெள்ளி. ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். நோயாளியின் தாயார் அவர் முழுப் பெயரைச் சொல்லி உறுதி செய்ய வேண்டுமாம், அப்போதுதான் குடும்பம் என்று பதிவார்களாம். அருளானந்து அண்ணன் கேள்வியைத் தமிழில் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். புருசன் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. இருந்தபோது மரியாதைக்காகச் சொல்லவில்லை, போனபிறகு வெறுப்புக்காகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில்கூட என்னைக் கையைக் காட்டுவாள். இன்றைக்கு நான் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன்.

“நீ சும்மா இரி” என்றாள். போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே வைத்து, “கொம்பையா இருளப்பன். எம்புள்ள” என்றாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். திரும்பவும் சொன்னாள், இன்னும் சத்தமாக.

போனை வைத்தபிறகு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“என்னளா பாக்க? பேருதான? சொன்னா வாயில புத்தா வச்சிரும்?”

அப்போதுதான் சொன்னேன். அந்தப் போனை எடுத்தது நான் என்று. இல்லை என்று சொன்னது நான் என்று. அம்மா கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

“நான் எடுத்துருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன்.”

துண்டைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு, “அதுக்காவ நீ செஞ்சது சரின்னு ஆயிராது” என்றாள்.

ஜூலை 30

பாக்கியநாதன் வீட்டுக்கே வந்தார், ஆப்பிள் பையோடு. ஓடிப்போன பையன் ஆஸ்பத்திரியில் கிடைத்த செய்தி அவருக்கும் எட்டிவிட்டது. ஒரு காகிதம் நீட்டினார், ஒரு பாதி அரபி, ஒரு பாதி இங்கிலீஷ்.

“அம்மா ஒரு கையெழுத்து, தம்பி அங்க ஒரு கைநாட்டு. ரெண்டே நாள்ல டிக்கெட்டு. ஸ்ட்ரெச்சர்லயே கொண்டாந்துருவோம். அஞ்சு மணி நேரந்தான், புள்ள ஒங்க மடியில.”

வாசித்தேன். கொம்பையா ஜூன் 11ஆம் தேதி தானாகவே வேலையை விட்டு ஓடினான். (சாரம் ஆடுகிறது என்று அவன் என்னிடம் சொன்னதே பன்னிரண்டாம் தேதி.) வெளியே எங்கோ விழுந்தான். கம்பெனியின் சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்துக்கு எந்தப் புகாரும் இல்லை.

அம்மா பேனாவைத் தேடினாள். நான் தடுக்கவில்லை. தடுக்க வாய் வந்தது, அதை மூடிக்கொண்டேன். என் வீராப்புக்கு ஏற்கெனவே முப்பத்துச் சொச்சம் நாளைக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறான். அவனைக் கேட்காமல் இன்னொரு முறை வீராப்புக் காட்ட எனக்கு என்ன உரிமை? கையெழுத்தும் போட முடியாது, போடாமலும் இருக்க முடியாது.

“அவன்ட்டக் கேட்டுட்டுச் சொல்லுதோம்” என்றேன்.

“மயக்கத்துல கெடக்கவன்ட்ட என்னத்தக் கேக்கப் போற?”

“ஓடுனவன்ட்டதான கேக்கணும், எப்ப ஓடுனன்னு.”

ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா முறைத்தாள். ஆப்பிளுக்கா, காகிதத்துக்கா என்று தெரியவில்லை.

ஜூலை 31

கொம்பையா இன்று நன்றாகவே பேசினான். வாய் கொஞ்சம் கோணுகிறது. காகிதத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். எங்கும் கூட்டவில்லை, எங்கும் குறைக்கவில்லை. வாசித்து முடித்ததும் அம்மா போனை வாங்கினாள்.

“ஒத்துக்கய்யா. வந்துரு. உசுரு இருந்தா போதும்.”

“எம்மா, ஃபிளைட்டு எம்புட்டு நேரம்?”

“அக்கா சொல்லுதா, நாலே முக்கா மணியாம்.”

“அதுக்கா ஓடிப்போனேன்னு எழுதித் தரச் சொல்லுதாக? ரெண்டு காலும் ஒடஞ்சு கெடக்கேன். எப்படிம்மா ஓடுவேன், கையால நடந்தா?”

சிரித்தான். சிரித்ததும் இடுப்பு வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டான்.

“அந்தச் சாரத்துல இன்னும் நாலு பேரு ஏறிட்டு இருக்காம்மா. ரெண்டு பேரு பீகாரு, ஒருத்தன் நேப்பாளம், ஒருத்தன் நம்ம கயத்தாறு. சாரம் நல்லாருந்துச்சுன்னு நான் எழுதிக் குடுத்தா, அவனுவ அதுலயே நாளைக்கும் ஏறணும். நான் கெடக்கேன். எக்காட்டக் குடு.”

போனை வாங்கினேன்.

“எக்கா, போடாத.”

“நாளாகும்டா. எத்தன நாளுன்னு தெரியாது.”

“ஆவட்டும். இங்க கஞ்சி குடுக்கான், ஏசி இருக்கு. ஒனக்குத்தான் அங்க வெயிலு.”

அம்மா என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வைத்தாள், கூட்டு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 1

காகிதத்தைப் பாக்கியநாதன் மேசையில் வைத்தேன். குறுக்கே பெரிதாக எழுதியிருந்தேன்: ‘கால் ஒடிந்தவன் ஓட மாட்டான்.’

“ஒனக்குக் கொழுப்பு” என்றார்.

“இது எந்தம்பி சொன்னது. எனக்கு இருக்கதுல பாதிதான் அவனுக்கு.”

ஆகஸ்ட் 5

ஹரிபிரகாஷ் சார் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று போனேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

“ஒன் பக்கத்த இருபத்தோராயிரம் பேரு பாத்துருக்காங்க. மத்ததெல்லாம் நாப்பது, அம்பது. வாரத்துக்கு இது மாதிரி நாலு எழுது. துபாய் போடு, கத்தார் போடு. ஒரு மிஸ்ஸிங், ஒரு டெத், ஒரு அம்மா சென்டிமென்ட்.”

“எனக்கு ஒரு தம்பிதான் சார்.”

“கற்பனையா எழுது.”

டீயைக் குடித்து முடித்தேன், நல்ல டீ. நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். மகிழம் பின்னாலேயே ஓடி வந்து என் செருப்பைக் கொடுத்தாள், வெறுங்காலோடு தெருவுக்கு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. வந்த முதல் நாளே எனக்கே ஒரு விண்ணப்பம். ஆஸ்பத்திரியில் கொம்பையாவே கேட்டுத் தன் சேர்க்கைச் சீட்டின் நகலை வாங்கிவிட்டான். ஜூன் 14, கொண்டுவந்தது கம்பெனி டிரைவர், கையெழுத்தும் இருக்கிறது. பதினேழாம் தேதி ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தவர்களின் வண்டியே பதினாலாம் தேதி அவனைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. ஆனால் சீட்டில் இருப்பது இருளப்பன், என் மனுவில் இருப்பது பே. கொம்பையா. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்று வாங்க வேண்டும்.

மனு எழுதிக் கொடுக்கிறவர் கேட்டார்: “தகப்பனார் பேரு?”

சொன்னேன்.

“சத்தமா சொல்லும்மா, மோட்டார் ஓடுது.”

“இருளப்பன்!” என்றேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பட்டும். அந்தப் பெயர் இன்றைக்கு அந்தாளுடையது இல்லை, என் தம்பி கட்டிலில் மாட்டியிருக்கிற பெயர். விண்ணப்பத்தில் ஒன்பது இடத்தில் எழுதினேன். என் பெயருக்கு முன்னால் மட்டும் ‘பே’. அதை மாற்றச் சொன்னார். முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 13

சான்று வந்தது. அனுப்பினேன்.

ஆகஸ்ட் 19

அம்மா பேசினாள். “உப்பு கூடிட்டு” என்றாள். இருபது நாளில் முதல் வார்த்தை.

ஆகஸ்ட் 26

அருளானந்து அண்ணன் லீவுக்கு ஊருக்கு வரவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டாராம். “பாதில விட்டுட்டு எப்படிம்மா வர்றது?” என்றார். தூதரகத்திலிருந்து ஒருவரும் அவரும் கொம்பையாவின் காகிதங்களோடு அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அதிகாரி வாசித்துப் பார்த்து, கம்பெனி ஆளைக் கூப்பிட்டு அனுப்பினாராம். ‘ஓடியவர்’ என்ற பதிவை அடித்துவிட்டார்கள். சாரத்தைப் பிரிக்க ஆள் வந்துவிட்டதாகக் கயத்தாறுப் பையன் கொம்பையாவிடம் சொல்லியிருக்கிறான். பாஸ்போர்ட் வெளியே வந்துவிட்டது. டிக்கெட் கம்பெனி தலையில்.

அம்மாவிடம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு சொல்லப் போனாள். வாசலில் இருந்து திரும்பி வந்து, “எந்தத் தேதின்னு சொல்லலயே நீ” என்றாள்.

செப்டம்பர் 4

கோவில்பட்டியிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் ஆறு மணி நேரம், அதில் அம்மா இரண்டு தடவை வாந்தி. அவன் அங்கே விமானம் ஏறும் முன்பே நாங்கள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டோம்.

காலை ஒன்பது இருபதுக்கு இறங்கியது. எல்லோரும் வந்து முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலிரண்டும் முன்னால் நீட்டியபடி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. தலைமுடி புதிதாக முளைத்து முள்ளாக நின்றது.

எங்களுக்கு முன்னால் பாக்கியநாதன் போய்விட்டார். எப்போது வந்தார், யார் சொன்னார்கள் என்று தெரியாது. வெள்ளைச் சட்டை, கையில் பொன்னாடை, பின்னால் ஒரு போட்டோகிராபர். “நம்ம ஏஜென்சி கைவிடாதுன்னு சொன்னம்லா!” என்று போட்டோகிராபரிடம் சொல்லிக்கொண்டே பொன்னாடையை விரித்தார். நாற்காலிக்கு வழி இல்லை. என் வாய்க்குள் மூன்று மாதத்துப் பேச்சும் ஒன்றாக ஏறி நின்றது.

கொம்பையா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான்.

“எம்மா, ஒண்ணுக்கு முட்டுது. ஃபிளைட்ல எந்திரிக்க விடல.”

அம்மா அவ்வளவு நேரமும் அழுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தள்ளி வந்தவனிடமிருந்து வாங்கினாள்.

“வழிய விடுங்க அண்ணாச்சி. எம்புள்ள ஒண்ணுக்குப் போணும்.”

“ஒரே ஒரு போட்டோம்மா, ஒரு நிமிசம்…”

“அவன் இருந்துட்டு வாரது வரைக்கும் நீங்க அதப் போத்திக்கிட்டு நில்லுங்க.”

தள்ளினாள். அவர் விலகாததால் நாற்காலிச் சக்கரம் அவர் செருப்பு மேலேயே ஏறி இறங்கியது. கொம்பையா சிரித்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நான் அவன் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், கழிப்பறை எந்தப் பக்கம் என்று எதிரே வந்தவர்களை எல்லாம் கேட்டபடி.